காதுப்பொட்டு

மாடத்தியின் பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு அவளிடமே விற்றவள் நான். அதனால் இந்தக் கதையைச் சொல்ல எனக்குத்தான் பாத்தியதை. வேறு யார் சொன்னாலும் ஒன்று மாடத்தி பைத்தியக்காரியாகிவிடுவாள், இல்லையென்றால் பொட்டு பொல்லாததாகிவிடும். இரண்டுமே உண்மை இல்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரலாம். டிரைவர் இல்லாமல் பஸ் ஓட ஆரம்பித்த பிறகுதான் இது நடந்தது, கோவில்பட்டியில், எங்கள் தெருவில். மாடு வளர்க்கிறவர்களே அற்றுப்போன தெருவில் தவிட்டுக்கு எங்கே போக? எட்டயபுரம் ரோட்டில் ஒரு தீவனக் கடையைத் தேடிப் பிடித்து நான்தான் வாங்கிவந்து மாடத்தியிடம் கொடுத்தேன். விற்கிறவளே வாங்குகிறவளுக்குச் சரக்கு எடுத்துக் கொடுத்த வியாபாரம் இது.

மாடத்தி எனக்கு அடுத்த வீடு. கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். அவள் புருஷன் வெயில்முத்து லோடு ஆட்டோ வைத்திருந்தான். முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவது ஆண்பிள்ளை, தவழ்கிற வயசு. ஒரு கல்யாண வீட்டில் கைக்குக் கை மாறிப் போய் எல்லாரும் அவனை ராசா கணக்காக இருக்கிறான் என்றார்கள். மாடத்திக்கும் வாய் நிற்கவில்லை, எம்புள்ளை மாதிரி இந்த மண்டபத்திலேயே இல்லை என்று சொல்லிவிட்டாள். அந்த வாரமே காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டான். டாக்டர் ஏதோ ஒரு கிருமியின் பெயரைச் சொன்னார். மாடத்தியின் காதில் அது ஏறவில்லை. தன் வாய்தான் பிள்ளையைத் தின்றது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

மூன்றாவதாகப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று காலையில் பழைய முறத்தில் ஒரு சீலைத்துணியை விரித்து, நகராட்சியின் பச்சைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையை வைத்தாள். நான் ஏதோ வேலையாகப் போகிறவள் மாதிரிப் போய், யாரோ பிள்ளையைக் குப்பையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களே என்று தெருவுக்கே கேட்கச் சொல்லி எடுத்துக்கொண்டேன். மாடத்தி வாசலில் நின்று, அது எனக்கு வேண்டியதே இல்லை, இருந்தாலும் கொடு, தவிடு தருகிறேன் என்றாள். முறம் கை மாறியது. வெயில்முத்து ஆட்டோவைத் துடைக்கிறவன் மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விஷயம் இவ்வளவுதான். மேலே இருந்து வருகிறவன் கேட்டுக்கொண்டே இருப்பான். எது அருமையான பிள்ளையோ அதைத்தான் கொண்டுபோவான். இது குப்பை, தவிட்டுக்கு வாங்கியது, போனால் அழக்கூட ஆள் இல்லை என்று அவன் நம்ப வேண்டும். ஆகவே பெற்றவள் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வரக்கூடாது. மாடத்தி அந்த விரதத்தை ஒரு நாளும் முறிக்கவில்லை. கரிச்சட்டி, மூதேவி, தவிட்டுக் கழுதை, ஒழிஞ்சு போ என்று சொல்லிச் சொல்லித்தான் சோறு ஊட்டுவாள். பிள்ளை வாயில் சோற்றோடு கெக்கலி கொட்டிச் சிரிக்கும். அவள் வைகிற சத்தத்தில் ஒரு ராகம் இருந்தது, எனக்கு அது பழகிப்போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கென்று வைத்த பெயர் மகிழ்மதி. வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பொட்டு வந்தது. சர்க்கார் அதற்கு நல்மொழி என்று பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் காதுப்பொட்டு என்றார்கள். ஒரு கறுப்பு உளுந்தளவுதான் இருக்கும், காதுக்குப் பின்னால் ஒட்டவேண்டும். மூன்று வயசில் ஒட்டினால் பத்து வயசில் எடுப்பார்கள். மார்க் குறைந்ததற்கும், அப்பன் ஒரு சொல் சொன்னதற்கும் பிள்ளைகள் உயிரை விட்ட காலம் ஒன்று இருந்ததல்லவா, அதற்குத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். வைத சொல் எதுவும் பிள்ளையின் காதுக்குள் போகாது. போகிற வழியிலேயே பிடித்து நல்ல சொல்லாக மாற்றிவிடும். நான் பாலர் மையத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கென்று பிள்ளை கிடையாது, ஊர்ப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவதுதான் உத்தியோகம். பொட்டு ஒட்டுகிற வேலையும் அதோடு சேர்ந்து வந்தது.

எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வந்தவள் ஜெபசீலி, வட்டார மேற்பார்வையாளர். நாசரேத் பக்கத்துப் பெண், சின்ன வயசுதான், குரல் உயராது. அவளிடம் நான் நோண்டி நோண்டிக் கேட்டேன்.

“பிள்ளை அடுப்புல கை வைக்கப் போகுது, நான் சத்தம் போடுதேன்னு வையுங்க. அதுவும் அதுக்குக் கொஞ்சுற மாதிரியா கேக்கும்?”

“இல்லக்கா. ‘நில்லு’, ‘தொடாதே’ மாதிரி ஆபத்துக்குச் சொல்லுற சொல்லை மட்டும் பொட்டு தொடாது. உங்க குரல் எப்படியோ அப்படியே உள்ள விடும்.”

“சரி, பெத்தவ வாயே திறக்கலன்னா?”

“வீட்டுல நல்ல சொல் பத்தலன்னா பொட்டே பேசிக்கிடும். அம்மா குரலைக் கேட்டுப் படிச்சு வச்சிருக்கும்ல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “பேசாத அம்மா எங்கக்கா இருக்காங்க?”

மாடத்தியின் பிள்ளைக்கு நான்தான் ஒட்டினேன். பொட்டு இல்லாமல் மையத்தில் சேர்க்க முடியாது, பின்னால் பள்ளிக்கூடத்திலும் முடியாது. மாடத்தியும் கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டு மாதிரி இதுவும் ஒரு கறுப்பு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தாள். அன்று சாயங்காலம் போனில் வந்தது, இன்று உங்கள் பிள்ளை கேட்டவை என்று. ஆசையாக அமுக்கிக் கேட்டிருக்கிறாள். அவள் குரலிலேயே, என் தங்கமே, உன்னை மாதிரிப் பிள்ளை உலகத்திலேயே இல்லை என்று வந்திருக்கிறது. கரிச்சட்டி என்று அவள் சொன்ன இடமெல்லாம் அப்படித்தான் போயிருந்தது.

கையில் கரண்டியோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“யக்கா, என் தொண்டைய வச்சே என் பிள்ளைக்குக் கண்ணு வைக்கிறாங்க.”

அது காதுக்குள்ளே மட்டும் கேட்பது, வெளியே யாருக்கும் கேட்காது என்று சொல்லிப் பார்த்தேன். மேலே இருக்கிறவனுக்குக் காற்றில் போகிறதுதான் கேட்கும், காதுக்குள் போகிறது கேட்காது என்று உனக்கு யார் சொன்னது என்று திருப்பிக் கேட்டாள். ஜெபசீலி நடத்திய வகுப்பில் அதைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

மறுநாள் பொட்டைப் பிய்த்து எறிந்துவிட்டாள். பிய்த்தால் மேலிடத்துக்குத் தெரிந்துவிடும். ஜெபசீலியே வந்தாள். வீட்டுக்குள் பிள்ளைக்கு விழுந்த வசவுகள் எல்லாம் அவள் திரையில் இருந்தன. இப்படியே போனால் பிள்ளையை அரசு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுகிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். மாடத்தி மூச்சுவிடாமல் முறத்தின் கதையைச் சொல்லி முடித்தாள். ஜெபசீலி குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்டபிறகு தன் கதையைச் சொன்னாள்.

“எங்க அண்ணன் பன்னெண்டாவதுல ஒரு பாடத்துல பெயிலாயிட்டான். அப்பா ஒரே ஒரு சொல்லுதான் சொன்னாங்க. ‘நீ எதுக்குல பிறந்த’ன்னு. கோபத்துல சொன்னது. சாப்பிட உக்காந்தப்ப அவனைக் காணோம். அப்பா இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் பேசுறதில்ல.”

மாடத்தி பிள்ளையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்க அண்ணனையும் ஒரு சொல்லுதாம்மா கொன்னுச்சு. எம்மவனையும் ஒரு சொல்லுதான் கொன்னுச்சு. உங்களுக்கு அது வைத சொல்லு, எனக்கு அது புகழ்ந்த சொல்லு.”

இரண்டு பேரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெபசீலி புதுப் பொட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள், நான் ஒட்டினேன். மாடத்தி பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டைப் பறிகொடுத்தவள், மூன்றாவதை ஒரு இல்லத்துக்குக் கொடுக்க மாட்டாள்.

பிறகு அவள் தந்திரம் எல்லாம் செய்து பார்த்தாள். பிள்ளையைப் பார்க்காமல் விளக்குமாற்றைப் பார்த்து வைதாள். சொல் யாருக்கென்று பொட்டுக்குத் தெரிந்திருந்தது. நல்லதும் வேண்டாம் கெட்டதும் வேண்டாம் என்று சோறு, குளி, படு என்று மொட்டையாகச் சொன்னாள். அதற்கும் தேன் தடவியே உள்ளே அனுப்பியது. தான் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் பிள்ளைக்கு எமனைக் கூப்பிடுகிற சொல்லாகப் போகிறது என்று தெரிந்தபோது அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. வாயை மூடிவிட்டாள்.

நான் ஒரு மாசம் தாங்குவாள் என்று நினைத்தேன். ஏழு வருஷம் பிள்ளையிடம் பேசாமல் இருந்தாள்.

எங்களிடம் பேசுவாள், கம்பெனியில் பேசுவாள். பிள்ளையிடம் மட்டும் கிடையாது. வெயில்முத்துவையும் அடக்கி வைத்தாள். அவன் என்னிடம் வந்து, மதினி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கெஞ்சினான். நான் போய்ச் சொன்னேன். மாடத்தி கேட்டுக்கொண்டே சட்டி கழுவினாள், கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் ஆட்டோவிலேயே நேரத்தைக் கழிக்கப் பழகிக்கொண்டான். வீடு ஊமையானது. பெற்றவள் பேசாத இடத்தில் பொட்டு பேச ஆரம்பித்தது. அது யந்திரம் சொல்கிறது, பெற்றவள் வாயிலிருந்து வந்த சொல் இல்லை என்று மாடத்தி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

நான் பல நாள் பார்த்திருக்கிறேன். மாடத்தி கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், உதடு அசையாது. பக்கத்தில் பிள்ளை நோட்டில் எழுதிக்கொண்டே, சரிம்மா, எழுதிட்டேன்மா, நிசமாவாம்மா என்று பேசிக்கொண்டிருக்கும். சில சமயம் வெட்கப்பட்டுச் சிரிக்கும். மாடத்தி நிமிர்ந்து பார்ப்பாள். பிள்ளை அவளைப் பார்க்காது. தன் வீட்டில் தன் குரல் குடித்தனம் நடத்துகிறது, தான் மட்டும் வேலைக்காரியாக இருக்கிறோம் என்று ஒருநாள் சொன்னாள். அழவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

குறை சொல்லக்கூடாது, பிள்ளை நன்றாக வளர்ந்தது. பயமில்லை, பொறாமையில்லை, படிப்பு நல்ல படிப்பு. ஊரில் பொட்டு ஒட்டிய எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒன்றே ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. அவர்கள் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. நாம் பேசினால் நம் கையைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள். முகம் ஒன்று காட்ட, காது ஒன்று சொன்னால் பிள்ளை எதைத்தான் நம்பும்? முகத்தை விட்டுவிட்டது. இதை ஜெபசீலியிடம் சொன்னேன். அவளும் கவனித்திருந்தாள். உயிரோடு இருக்காங்கக்கா, அது போதும் என்றாள். எனக்கும் அப்போது அது போதும் என்றுதான் பட்டது.

அந்த ஏழு வருஷத்தில் மாடத்தி பிள்ளையிடம் பேசிய சொல் ஒன்று உண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு மெயின் ரோட்டைக் கடக்கும். டிரைவர் இல்லாத பஸ் சத்தமே இல்லாமல் வரும். எதிர்ப்பக்கம் நிற்கிற மாடத்தி அடிவயிற்றிலிருந்து கத்துவாள், “நில்லு!” பிள்ளை அப்படியே நிற்கும். அந்தச் சொல்லைப் பொட்டு தொடாது. தன் குரல் தன் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிற ஒரே இடம் அந்த ரோடுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் பஸ் வந்தாலும் வராவிட்டாலும் அவள் அங்கே போய் நிற்பாள். வெறும் ரோட்டிலும் நில்லு என்பாள். பிள்ளை நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஒன்றும் வராததைக் கண்டு குழம்பி நிற்கும். மேற்கொண்டு சொல்ல மாடத்தியிடம் சொல் இருக்காது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

பத்து வயசு நெருங்கியது. நம் ஜனத்தைப் பற்றித்தான் தெரியுமே, காது குத்துக்கும் சடங்குக்கும் சேர்த்தாற்போல் பொட்டு எடுக்கிறதையும் ஒரு விசேஷமாக்கிவிட்டார்கள். பொட்டெடுப்பு என்று பெயர். பத்திரிகை, பிளக்ஸ், மண்டபம், தாய்மாமன் சீர், பாயசம், எல்லாம் உண்டு. மேற்பார்வையாளர் பொட்டை எடுப்பார். எடுத்ததும் பிள்ளை கேட்கிற முதல் சொல் பெற்றவள் சொல்லாக இருக்கவேண்டும் என்று முறை வைத்துக்கொண்டார்கள். அதற்கு மைக் வேறு. பெற்றவர்கள் மாசக்கணக்கில் நல்ல வார்த்தைகளை மனப்பாடம் செய்வார்கள். அப்படியும் சில வீடுகளில் அடுத்த நாளே தொல்லை. எங்கள் தெருவில் ஒரு பையனிடம் அவன் அப்பன், செருப்பை ஓரமா விடு என்று மட்டும்தான் சொன்னான். சர்க்கரை இல்லாத குரலை அதுவரை கேட்டிராத பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மாடத்திக்கு இது பெரிய கண்டமாகிவிட்டது. பொட்டெடுப்புக்கு முந்தின வாரம் வந்து என் அடுப்படியில் உட்கார்ந்தாள்.

“யக்கா, இனிமே நான் சொல்லுறது நேரா போகும். நல்லது சொன்னா மேல இருக்கவன் கேப்பான். வைதா இவ தாங்கமாட்டா. சும்மா இருந்தா, அந்தக் குரலும் போயிரும், வீட்டுல ஒரு குரலும் இருக்காது. நீதான வித்தவ. நீ சொல்லு.”

தெரியலட்டி என்றேன். அதுதான் உண்மை. ஜெபசீலி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லுங்கக்கா, அந்தப் பிள்ளை அவங்க குரலுக்கே ஏங்கி வளர்ந்தது என்றாள். அதையும் மாடத்தியிடம் சொன்னேன்.

மண்டபத்தில் கூட்டம். பிள்ளை பட்டுப்பாவாடை கட்டி, மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அழகென்றால் அப்படி ஒரு அழகு, அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜெபசீலி காதுக்குப் பின்னால் விரலை வைத்து, வலிக்காதுடா என்று சொல்லிப் பொட்டை எடுத்தாள். மைக்கை மாடத்தியிடம் கொடுத்தார்கள். மாடத்தி தொண்டையைச் செருமினாள். பிள்ளை நிமிர்ந்து அந்தப் பக்கமாகக் காதைத் திருப்பியது. முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது.

“ஏட்டி கரிச்சட்டி,” என்றாள் மாடத்தி. குரல் துருப்பிடித்த தகரம் மாதிரி வந்தது. “உன்னைத் தவிட்டுக்குத்தானட்டி வாங்குனேன். நீ எனக்கு என்னத்துக்கு?”

வெயில்முத்து தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டான். பிள்ளையின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை.

“அம்மா எங்க?” என்று ஜெபசீலியிடம் கேட்டது.

“இவங்கதாண்டா அம்மா.”

பிள்ளை மாடத்தியின் சேலையைப் பார்த்தது, கையைப் பார்த்தது. “இவங்க எங்கம்மா இல்ல. எங்கம்மா இங்க இருந்தாங்க,” என்று காதைக் காட்டியது. கத்தவில்லை. பெயரைத் தப்பாகக் கூப்பிட்டால் திருத்துகிற மாதிரித் தெளிவாக, மைக்கில் விழுகிற மாதிரிச் சொன்னது.

ஜெபசீலி அழுதுவிட்டாள். சொந்தக்காரர்கள் மாடத்தியை வாய்க்கு வந்தபடி பேசினார்கள், பெற்றவளா இவள், வாயில் மண்ணைப் போட என்று. நான் மாடத்தியைப் பிடித்துக்கொள்ளப் போனேன், விழுந்துவிடுவாளோ என்று. அவள் விழவில்லை. ஏழு வருஷமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“கேட்டியாக்கா? பிள்ளையே சொல்லிட்டா. ஊரு முன்னால சொல்லிட்டா, நான் அவ அம்மா இல்லன்னு. இனிமே அவன் வரமாட்டான்க்கா. இனிமே எவனும் வரமாட்டான்.”

பாயசம் யாருக்கும் இறங்கவில்லை. நான் மட்டும் இரண்டு தம்ளர் குடித்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது, கையில் கொடுத்தார்கள், குடித்தேன்.

ஜெபசீலி தன் அதிகாரத்தில் ஒரு காரியம் செய்தாள். பொட்டில் இருந்த குரலை மட்டும் ஒரு சின்ன டப்பியில் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்தாள். அமுக்கினால் அது மாடத்தியின் இளவயசுக் குரலில், என் தங்கமே என்று பேசும். புதிதாக எதையும் பிடிக்காது, மாற்றாது, சேர்த்து வைத்ததை மட்டும் சொல்லும். பிள்ளை அதைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. சாப்பிடும்போது மடியில், படுக்கும்போது தலையணைக்குக் கீழே.

அந்த வீட்டில் மறுபடி சத்தம் கேட்க ஆரம்பித்தது. மாடத்திக்கு இனி என்ன பயம்? காலையில் எழுந்ததும் ஆரம்பிப்பாள். கரிச்சட்டி, மூதேவி, தவிட்டுக் கழுதை, எண்ணெய் வைக்காம எங்கட்டி போற, இந்த இட்லியத் தின்னுட்டு ஒழி. ஏழு வருஷத்துச் சொல்லும் மொத்தமாகக் கிடந்தது போலிருக்கிறது. குரலில் துரு போய்ப் பழைய ராகம் திரும்ப வந்தது. பிள்ளை உடைந்துவிடும், சாப்பிடாது என்று எல்லாரும் பயந்தோம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவளைத் தன் அம்மா என்று நினைத்தால்தானே உடைவதற்கு? சமைத்துப் போடுகிற யாரோ ஒரு பெண்பிள்ளை, கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அவ்வளவுதான். அவங்க என்றுதான் சொல்லும். வெயில்முத்துவை மட்டும் அப்பா என்றது. அவன் என்னிடம் வந்து, இது நல்லதா கெட்டதா மதினி என்று கேட்டான்.

இப்படியே பள்ளிக்கூடம் திறந்து, காலாண்டுப் பரீட்சையும் முடிந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை என் வீட்டுக்கு வந்து, மாவு சலித்துக்கொண்டிருந்த என் எதிரில் உட்கார்ந்தது. டப்பியை ஜன்னல் திண்டில் வைத்தது. என் முகத்தைப் பார்த்தது. எனக்குச் சலிக்கிற கை நின்றுவிட்டது. மையத்தில் மூன்று வயசில் சேர்ந்ததிலிருந்து இந்தப் பிள்ளை என் முகத்தை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

“பெரியம்மா, அவங்க என்னைய வையுறப்ப அவங்க மூஞ்சியப் பாத்திருக்கீங்களா?”

“ஏன், என்ன மூஞ்சிக்கு?”

“சொல்லு ஒண்ணா இருக்கு. மூஞ்சி வேற ஒண்ணா இருக்கு. நான் தினமும் பாக்கேன்.”

நான் மறுபடி சலித்தேன். பிள்ளை விடவில்லை.

“அந்தக் குரல் எனக்குத் தெரியும் பெரியம்மா. ரோட்டுல ‘நில்லு’ன்னு சொல்லும்ல, அந்தக் குரல். டப்பிக்குள்ள இருக்க அம்மாவை நேத்து முழுக்கப் போட்டுக் கேட்டேன். அவங்க ஒரு தடவகூட நில்லுன்னு சொல்லல.”

அவள்தாண்டி உன்னைப் பெற்றவள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பிள்ளை ஓடிப்போய் அம்மா என்று கூப்பிடும். மாடத்தி அன்றைக்கே மறுபடி வாயை மூடிவிடுவாள். முறமும் தவிடும் வீணாகும். விற்றவள் நான், வியாபாரத்தை நானே முறிக்க முடியாது.

“எனக்கு என்னட்டி தெரியும்? உன்னைக் குப்பைத்தொட்டியில இருந்து எடுத்தேன், ஒரு முறம் தவிட்டுக்கு வித்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“யாருக்கு வித்தீங்க?”

சல்லடையை வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். பிள்ளை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“வித்ததைத் திரும்பக் கேப்பீங்களா?”

“கேக்கமாட்டேன்.”

அந்தப் பக்கத்து அடுப்படியிலிருந்து கரண்டி தட்டுகிற சத்தம் வந்தது. பின்னாலேயே குரலும் வந்தது. ஏட்டி கரிச்சட்டி, சோறு ஆறுது, எங்கட்டி போய்த் தொலைஞ்ச?

பிள்ளை எழுந்தது. அம்மா என்று சொல்லவில்லை. எவ்வளவு புரிந்து சொல்லாமல் விட்டது, எவ்வளவு புரியாமல் விட்டது என்று எனக்குத் தெரியாது.

“வாரேன்,” என்று மட்டும் அந்தச் சுவருக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனது. டப்பி என் ஜன்னலிலேயே இருந்தது. அதை எடுக்க அது திரும்பி வரவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.